கடம் தவறவில்லை

முரளி,

எனக்கு எழுபது ஆனதற்கு மாணவர்கள் எடுக்கிற விழாவின் மலரில் என் பங்குக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "என் இசைப் பயணம்" என்று தலைப்பையும் அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எழுதித் தருவது மட்டும்தான் என் வேலை. மூன்று தடவை உட்கார்ந்து எழுதினேன். மூன்று தடவையும் பதினேழு வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதைத் தாண்டி எழுத வேண்டுமென்றால் அன்றைக்கு நான் சொன்ன ஒரு பொய்யை அச்சிலும் சொல்ல வேண்டும். அந்தப் பொய் உன்னைப் பற்றியது. எழுபது வயதில் அதை இன்னொரு முறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் பயணத்தை ஓரம் கட்டிவிட்டு, நான்கு பக்கத்தையும் உனக்குக் கடிதமாக எழுதுகிறேன்.

என்னிடம் நேரில் சொல்லக் கூடாதா, பருத்திப்பட்டுக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவில் ஏழு கடலா இருக்கிறது என்று நீ கேட்பாய். நியாயம்தான். ஆனால் அந்தப் பொய்யை நான் ஒரு மண்டபத்தில் நாலு பேர் எதிரில் சொன்னேன். நாற்பது பேர் அதை வெளியே கொண்டு போனார்கள். திருத்தத்தை மட்டும் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தால் அது எனக்கு வசதி, உனக்கு ஒன்றும் கிடைக்காது. அச்சுக்குப் போகுமுன் உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல், நிறுத்திவிடுகிறேன். மலரில் இதைப் படிக்கிறவர்கள், நீ சரி என்று சொன்ன பிறகுதான் இது வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

என் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பேருக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உன் தாத்தா ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். எங்கள் வீட்டில் சங்கீதம் என்று ஒன்றும் கிடையாது. பஜனை கோஷ்டிக்கு மிருதங்கம் வாசிக்க வந்த ஒருவரிடம் பன்னிரண்டு வயதில் ஒட்டிக்கொண்டேன். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனியில் வேலை. பகலில் மரை போடுவதும் சாயங்காலம் மிருதங்கத்துக்கு ரவை போடுவதுமாகப் பதினெட்டு வருடம். மிருதங்கத்தின் இடது பக்கம் கனத்த ஒலி வர, ரவையைப் பிசைந்து ஒட்டுவோம். உப்புமாவுக்கு வைத்த ரவை தீர்ந்துபோன நாட்களில் உன் அம்மா என்ன சொன்னாள் என்பதை மலரில் போட முடியாது. உன் பெரியப்பா ஒருத்தர் போதாதா. "தோலைத் தட்டிகினே எத்தினி நாளு குந்தினு இருப்ப, நைனா" என்று கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் கேட்பார். கம்பெனியில் ஆள் குறைத்தபோது நானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்தேன். கூடவே வீட்டில் வகுப்பு, நாட்டியப் பள்ளிகளுக்குத் தில்லானா எழுதித் தருவது, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிப்பது.

இப்போது இருக்கிற கூட்டத்தை நீயே பார்க்கிறாய். இந்தக் கலையெல்லாம் போய்விட்டது என்று யாராவது அங்கலாய்த்தால், சனிக்கிழமை காலையில் நம் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணிப் பார்க்கச் சொல். திருநெல்வேலித் தமிழும் கோயமுத்தூர்த் தமிழும் பேசுகிற அப்பா அம்மாக்கள், எல்லோரும் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனி. போன மாதம் ஒருத்தர், "சார், சிலபஸ் பி.டி.எஃப். இருக்கா?" என்று கேட்டார். என் தலையில்தான் இருக்கிறது என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் வகுப்பு. நான் இங்கே தட்டுவது அங்கே போய்ச் சேர ஒரு வினாடி ஆகிறது. சேர்ந்து வாசிக்கவே முடியாது. அவன் சரியாக வாசிக்கிறானா, லைன் தாமதமா என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போய்விடும். லைன் மேல் பழி போட்டுவிட்டு மாணவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை என்பது இன்னும் கொஞ்சம் படித்தால் தெரியும்.

உனக்குக் கடம் கற்றுக்கொடுத்ததில் என் சுயநலம் இருந்தது. எனக்கு அமைந்த கடக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். கச்சேரி அன்றைக்கு ஷிப்ட் மாறிவிட்டது என்பார்கள். வீட்டிலேயே ஒருத்தன் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். உனக்கு ஒன்பது வயது. மற்றப் பையன்கள் ஆறு மாதம் எடுத்துக்கொள்கிற பாடத்தை நீ ஆறு வாரத்தில் முடித்தாய். உன் கை நல்ல கை. விரல் வேகத்தைச் சொல்லவில்லை, அது பயிற்சியில் வந்துவிடும். ஒரு வேகத்தில் தொடங்கினால் அரை மணி கழித்தும் அதே வேகத்தில் இருப்பாய், கூடாது, குறையாது. எங்கள் தொழிலில் அதைக் காலப்பிரமாணம் என்போம். அது சிலருக்குத்தான் வாய்க்கும். எனக்கே உன் அளவுக்கு வாய்க்கவில்லை. உற்சாகம் வந்துவிட்டால் நான் வேகம் கூடி ஓடுவேன். இதையெல்லாம் உன்னிடம் நான் சொன்னதில்லை. நீ எப்படி வாசித்தாலும் "பரவால்ல" என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று நினைத்தேன். என் பேத்தி யாழினியிடம் அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அந்த நிமிஷமே சொல்லிவிடு.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உனக்குப் பதினேழு. குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இசை விழா. பாட வந்தவர் அப்போதுதான் பெயர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். நான் மிருதங்கம், நீ கடம். முன் வரிசையில் நகரத்துச் சபா ஒன்றின் செயலாளர் வந்து உட்கார்ந்திருந்தார். பாடகியைக் கேட்கத்தான் அவர் வந்தார், ஆனால் எனக்கு அது போதும். மார்கழியில் ஒரு மேடை கிடைக்காதா என்று பதினைந்து வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். அவருக்காகவே ஒரு புதுக் கோர்வை வைத்திருந்தேன். பாட்டு நின்று தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் முடிகிற இடத்தில், மிருதங்கமும் கடமும் சேர்ந்து மூன்று தடவை வாசித்து முடிக்கிற சொற்கட்டு அது. ஒரு வாரம் காலையில் ஏரியைச் சுற்றி நடந்துகொண்டே விரல் விட்டுக் கட்டினேன். கூட நடந்த ஒருத்தர், "இன்னா சார், மந்திரமா?" என்று கேட்டார். நீயும் நானும் அதை வீட்டில் முப்பது நாற்பது தடவையாவது சேர்ந்து வாசித்திருப்போம்.

இசை தெரியாதவர்களுக்காக ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாப் பாட்டும் தாளத்தின் முதல் தட்டில் தொடங்காது. அன்றைய பாட்டு, தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்துத் தொடங்கும். எங்கள் தனி எங்கே சுற்றினாலும் பாட்டு தொடங்குகிற அந்த அரை இடத்தில் வந்துதான் முடிய வேண்டும். கோர்வையின் கடைசியில் ஒரே சொல் மூன்று முறை வரும். நடுவில் இரண்டு இடைவெளி, ஒவ்வொன்றும் ஒரு முழு எண்ணிக்கை. அந்த மௌனத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். மூன்றாவது சுற்றில் செயலாளர் தலையாட்டுவதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான் என்று எனக்குள் ஒரு குதி. கடைசி இடைவெளி வந்தது. ஒரு எண்ணிக்கை காத்திருக்க வேண்டியவன் அரை எண்ணிக்கையிலேயே கையை வைத்துவிட்டேன். என் முத்தாய்ப்பு முதல் தட்டிலேயே விழுந்தது. நீ காத்திருந்தாய். அரை எண்ணிக்கை கழித்து, எங்கே விழ வேண்டுமோ அங்கே, உன் கடம் தனியாக விழுந்தது.

கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த சபையில் பாதிப் பேருக்குத் தட்டு விழுகிற இடம்தான் தெரியும். அவர்களுடைய கையோடு சேர்ந்து என் மிருதங்கம் விழுந்தது. அதற்கப்புறம் ஒற்றையாக ஒரு கடம். யார் தவறினார்கள் என்று அவர்கள் முடிவு கட்ட யோசிக்கவே தேவையில்லை. பாடகி சரியான இடத்தில், உன் கடத்தோடு பாட்டை எடுத்தார். எடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும். வயதில் பெரியவன் என்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு கச்சேரிக்கும் என்னைக் கூப்பிடவும் இல்லை. கை விழுந்த கணமே எனக்கும் தெரியும், முரளி. பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பக்கத்தில் செயலாளர் வந்தார். நீ கடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாய். "கோர்வை பிரமாதம் சார். பையன் கடைசியில கொஞ்சம் தடுமாறிட்டான், நீங்க சமாளிச்சிட்டீங்க" என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஐந்தாறு வார்த்தை. "சின்னப் பையன், போகப் போகச் சரியாயிடும்" என்று சிரித்தேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தர் உன் தோளைத் தட்டி, "பரவாயில்ல தம்பி, அப்பாகிட்ட நல்லாக் கத்துக்கோ" என்றார். நீ அவரைப் பார்த்துத் தலையாட்டினாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

அதோடு விட்டிருந்தாலாவது வெளியே சொன்ன ஒரு பொய்யோடு போயிருக்கும். வண்டியில் வரும்போது பூந்தமல்லி தாண்டி நீ பின்னால் இருந்து கேட்டாய். "நான் எங்கப்பா விட்டேன்? எனக்குக் கணக்கு சரியாதான் வந்துச்சு." பெரியவனாக இருந்திருந்தால் நீங்கள்தான் விட்டீர்கள் என்று சண்டை பிடித்திருப்பாய். நீ என்னை நம்பிக்கொண்டு கேட்டாய். கணக்கு தப்பு என்று உன்னிடம் சொல்ல முடியாது, நீ வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய். அதனால் எழுதிப் பார்க்க முடியாத ஒன்றைச் சொன்னேன். "கணக்கெல்லாம் சரிதான்டா. மூணாவது சுத்துல நீ இழுத்துட்ட. உன்ன தூக்கி நிறுத்தத்தான் நான் அட்ஜஸ்ட் பண்ணேன். உனக்குக் காலப்பிரமாணம் நிக்கல." உன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் எதுவோ, அது உன்னிடம் இல்லை என்று சொன்னேன்.

உன் அம்மாவும் அன்று பஸ்ஸில் வந்து சபையில் உட்கார்ந்திருந்தாள். சோறு போடும்போது, "பையன் மேல தப்பு இல்லன்னுதாங்க எனக்குத் தோணுது" என்றாள். "உனக்கு இன்னா தெரியும், தாளத்தப் பத்தி?" என்று வாயை அடைத்துவிட்டேன். முப்பது வருடம் ஒரு மிருதங்கக்காரனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன் பார்.

அதற்கப்புறம் நீ என்ன செய்தாய் என்பது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அந்தக் கோர்வையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாய். சரியாகத்தான் வாசிப்பாய். இழுத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, திரும்ப வாசிப்பாய். இழுக்கிறவன், வேகம் குறைகிறவன் என்று ஒருத்தனிடம் சொல்லிவிட்டால் அவன் ஓட ஆரம்பிப்பான். இது எந்த வாத்தியாருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு வாரத்தில் நீ ஓட ஆரம்பித்தாய். பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு வர்ணத்துக்கு ஸ்வரம் எழுதிக்கொண்டே நான் அதைக் கேட்டேன். எழுந்து வந்து நிறுத்தவில்லை. ஒரு நாள் நீ, "இப்ப சரியா இருக்காப்பா?" என்று கேட்டபோது, "இப்ப பரவால்ல" என்றேன்.

மறு மாதம் என் சிநேகிதர் ஒருவருக்குக் கடம் வாசிக்கப் போனாய். ஆவடியில் ஒரு நாட்டிய நிகழ்ச்சி. அவர் என் கோர்வையை என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார், ஆசையாக அதையே வாசித்தார். நீ ஓடினாய். அன்றைக்கு உண்மையிலேயே தவறினாய், சபையறியத் தவறினாய். அவர் முன்கோபி. "ஓடறியேடா. உங்கப்பன் கோர்வையே உனக்கு நிக்கலையா?" என்று மேடையிலேயே கேட்டுவிட்டார். நீ வீட்டுக்கு வந்து கடத்தை அம்மாவின் பழைய புடவையில் சுற்றிப் பரண் மேல் வைத்தாய். "எனக்கு இது வராதுப்பா. நான் இன்ஜினியரிங் கவுன்சிலிங் போறேன்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாய். நான் ஒரு பேச்சுக்குக்கூட இரு என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. நீ தொடர்ந்து வாசித்திருந்தால் என்றாவது ஒரு நாள் உனக்கே தெரிந்திருக்கும்.

அந்த மார்கழியில் எனக்கு மேடை கிடைத்தது. மத்தியானக் கச்சேரிதான், ஆனாலும் நகரத்துச் சபா. வேறொரு கடக்காரரை வைத்துக்கொண்டு அதே கோர்வையை வாசித்தேன், ஒழுங்காக முடித்தேன். அதிலிருந்துதான் நாலு பேருக்கு என்னைத் தெரிந்தது. தில்லானாக்கள் பள்ளிகளுக்குப் போயின, மாணவர்கள் வந்தார்கள், இந்த விழா வரைக்கும் வந்து நிற்கிறது. நீ படித்தாய், வேலைக்குப் போனாய், இன்றைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேலாளர். நல்ல மனைவி, நல்ல குழந்தை. இசையில் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது. நீயாக யோசித்து விட்டிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் சொன்ன பொய்யை நம்பி விட்டாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இருந்தாலும் அப்பன் என்று ஒரு பதவி இருக்கிறதே, சும்மா இருக்க விடமாட்டேன் என்கிறது. உன் ஆபீசில் உன் கை தவறி ஏதாவது நடந்து, மேலே இருக்கிறவர் உனக்குக் கீழே இருக்கிற பையனைப் பார்த்தால், அந்த நிமிஷமே வாயைத் திற. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதே. மறுநாள் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பார்கள். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் இப்போது எதற்கு என்பார்கள். இரண்டு கேள்விக்கும் பயந்து பயந்துதான் எனக்குப் பதினேழு வருடம் போயிற்று. இடையில் உன் கல்யாணத்துக்கு முதல் நாள் சொல்லலாம் என்று உன் அறை வரைக்கும் வந்தேன். நீ பாயசத்துக்கு முந்திரி போதுமா என்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று திரும்பிவிட்டேன். சாக்குக்கா பஞ்சம்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு விஷயம். போன மாதம் விழாவைப் பற்றிப் பேச மாணவர்கள் நம் வீட்டில் கூடினபோது ஒரு பெண் உன்னிடம், "அண்ணா, நீங்க ஏன் வாசிக்கிறதில்ல?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "நமக்குக் காலப்பிரமாணம் நிக்காதும்மா, இழுத்துடுவேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வண்டியில் நான் சொன்ன அதே வார்த்தை. அப்போது யாழினி சமையலறை வாசலில் நின்று, யாரோ பாடுகிற பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அரை இடம் தள்ளித் தொடங்குகிற பாட்டு. அவளுக்கு ஆறு வயது, யாரும் சொல்லித் தரவில்லை, இடம் தவறாமல் தட்டுகிறாள். நீ அவளைப் பார்த்து, "இதெல்லாம் அவங்க அம்மா பக்கத்துலேர்ந்து வந்தது" என்றாய். மருமகள் நல்ல பெண்தான், ஆனால் பாட்டு விஷயத்தில் அவளுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்று அவளே ஒப்புக்கொள்வாள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று அதற்கு அடுத்த வாரம். மலரையும் விழாவையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற என் மாணவி கவிதா, எங்கெங்கோ கேட்டு அலைந்து அந்தக் குமணன்சாவடிக் கச்சேரியின் ஒலிப்பதிவைப் பிடித்துவிட்டாள். விழாவில் தனியின் கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். "சார் வாழ்க்கையின் திருப்புமுனை" என்று மலரில் எழுதியிருக்கிறாள். என் எதிரில் லேப்டாப்பை வைத்துப் போட்டாள். முடிந்ததும் தயங்கித் தயங்கி, "சார், கடைசியில கடம் லேட்டா ஒண்ணு விழுது. அத மட்டும் எடுத்துடலாம் சார், சாஃப்ட்வேர்ல ரெண்டு நிமிஷ வேலை, தெரியவே தெரியாது" என்றாள். நான் சரி என்றேன். அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் ஒரு சுற்று முடிவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உன் வாழ்க்கையில் நீ மேடையில் சரியாக வாசித்த ஒரு முக்கியமான அடி அது. பதினேழு வருடம் அதைத் தப்பு என்று வைத்திருந்தது போதாமல், அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் செய்யச் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அங்கிருந்தே கவிதாவுக்குப் போன் செய்து, எதையும் தொடாதே என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவள், "சார், விழா உங்களுக்கு. இதெல்லாம் இப்ப வேணுமா?" என்றாள். இது இல்லாமல் விழா வேண்டாம் என்றேன். பதிவை அப்படியே போடுவார்கள். நீயும் கையில் தாளம் போட்டுக் கேள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியுங்க" என்றாள். ஏன் இத்தனை நாள் என்னை விட்டு வைத்தாய் என்று கேட்டேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். பாதி நாளு உங்க மேல கோவம், பாதி நாளு எம்மேலயே கோவம். மலர்ல போடறது அப்பறம் இருக்கட்டும், மொதல்ல புள்ள கைல குடுங்க" என்றாள். அதனால்தான் இது உன்னிடம் முதலில் வருகிறது. அவள் சொல்லாமல் இருந்ததற்கும் நான்தான் காரணம், அவளிடம் கோபித்துக்கொள்ளாதே.

உன்னைப் பரண் மேல் ஏறச் சொல்லி நான் இதை எழுதவில்லை. இனிமேல் நீ கடத்தைத் தொட்டாலும் சரி, தொடாவிட்டாலும் சரி. யாழினிக்கு விருப்பம் இருந்தால் கற்றுக்கொடு. என்னிடம்தான் அனுப்ப வேண்டும் என்று இல்லை, பொறுமையான வாத்தியார்கள் இரண்டு பேரைத் தெரியும், சொல்கிறேன். ஆனால் இனி யாராவது கேட்டால் எனக்குக் காலப்பிரமாணம் நிற்காது என்று மட்டும் சொல்லாதே. அது உண்மை இல்லை. நான் வாசித்த இத்தனை வருடத்தில் உன்னைவிட உறுதியான தாளக்காரனோடு உட்கார்ந்ததில்லை. செய்தது பெரிய தப்பு, முரளி. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை.

கடைசியாக ஒரு உதவி வேண்டும். விழாவில் என்னை இருபது நிமிஷம் தனி வாசிக்கச் சொல்கிறார்கள். அந்தக் கோர்வையைத்தான் வைக்கப் போகிறேன். மாணவர்களுக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன், மலரில் வந்தால் அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போகிறது. ஆறேழு மாதமாகக் கணக்கும் சில நாள் நடுவில் கலைந்துவிடுகிறது. மேடையில் எதிரே உட்கார்ந்து ஒருவர் தாளம் போட வேண்டும். கவிதா நான் போடுகிறேன் சார் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவர்கள் எல்லோரும் என்னிடம் படித்தவர்கள். நான் அரை இடம் தவறினால், வாத்தியாருக்கு அவமானம் வரக் கூடாதென்று அவர்களும் அரை இடம் நகர்ந்து வந்துவிடுவார்கள். நீ வந்து உட்கார். நான் தவறினால் எனக்காக உன் கையை மாற்றாதே, சபை பார்க்கட்டும். தவறவில்லை என்றால், உன் கையைப் பார்த்துத்தான் தவறாமல் இருந்திருப்பேன். நீ வர முடியாது என்றால் எனக்குப் புரியும். அன்றைக்கு மாலை போட்டுக்கொண்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிடுவேன், மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்க மாட்டேன். உன்னை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு யார் கையை நம்பியும் அந்தக் கடைசி இடைவெளியில் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் அப்பா